நன்றி நோட்டும் வேன் டிரைவருக்குப் போன கடிதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருகிற பையனுக்கு வயது ஒன்பது, நான்காம் வகுப்பு. பெயர், ஊர், பள்ளி எதுவும் இங்கே வராது. பெற்றோர் இருவரும் எழுதச் சம்மதித்தார்கள், தன் கடிதங்களில் எந்த வரிகளைக் காட்டலாம் என்று பையனே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தான். நான் பள்ளி ஆசிரியை இல்லை. வாசிக்கவும் எழுதவும் தயங்குகிற பிள்ளைகளோடு மாலை நேரத்தில் உட்காருவது என் வேலை, பல ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன்.

இந்த ஒரு பையனைப் பற்றி மட்டும் தனியாக எழுதக் காரணம் உண்டு. நன்றி சொல்லப் பழக்குவது, எழுதப் பழக்குவது என்ற இரண்டையும் இப்போது பல வீடுகளிலும் பள்ளிகளிலும் ஒரே வேலையாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இவனிடம் அந்த இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று கெடுத்ததையும் பார்த்தேன், வேறு விதமாகச் சேர்ந்தபோது ஒன்றையொன்று தூக்கிவிட்டதையும் பார்த்தேன். இடையில் மாறியது என்ன என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அம்மா கொண்டுவந்த இரண்டு புகார்கள்

முதல் புகார், பையன் எழுத மாட்டேன் என்கிறான். பென்சிலைக் கையில் எடுத்ததும் தண்ணீர் தாகம் வரும், பாத்ரூம் வரும், பென்சில் முனை உடையும், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். இரண்டாவதைச் சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் பையனை வெளியே விளையாட அனுப்பிவிட்டுச் சொன்னார்: "இவனுக்கு நன்றியுணர்வே இல்லையோன்னு பயமா இருக்கு மிஸ்."

அந்தப் பயத்துக்கு ஆதாரமாக ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். பள்ளியில் கொடுத்த வேலை. தினமும் இரவு ஐந்து விஷயங்களுக்கு நன்றி எழுத வேண்டும், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஐந்து வரிகள்: அம்மாவுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி, வீட்டுக்கு நன்றி, பள்ளிக்கு நன்றி, காற்றுக்கு நன்றி. உற்றுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஐந்து வரிகளிலும் "நன்றி" என்பதை முதலில் மேலிருந்து கீழாக எழுதி முடித்துவிட்டு, பிறகு பென்சிலைச் சீவி இடப்பக்கத்தை நிரப்பியிருக்கிறான். வலப்பக்கம் முழுவதும் மழுங்கிய தடித்த எழுத்து, இடப்பக்கம் முழுவதும் கூரான மெல்லிய எழுத்து. சில நாட்களில் அதற்கும் பொறுமை இல்லாமல் மேலே உள்ளதே என்று குறி மட்டும் போட்டிருந்தான்.

அம்மாவுக்கு இதில் நன்றிகெட்ட பிள்ளை தெரிந்தான். எனக்குத் தெரிந்தது, அர்த்தம் புரியாத ஒரு வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று மூளையைப் பயன்படுத்திய பிள்ளை. அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். நோட்டைப் பார்த்து ஒரு பிள்ளையின் மனசை அளக்க முடியாது.

முதலில் செய்த வேலைகள்

கடிதம், கதை என்று எதையும் தொடங்கும் முன் கண் பரிசோதனை செய்துவரச் சொன்னேன், காதும் பார்க்கச் சொன்னேன், இரண்டும் சரி. கற்றல் குறைபாடு இருக்குமா என்று அதற்கான நிபுணரிடமும் காட்டினார்கள். எழுத்துக்கூட்டுவதில் பின்தங்கியிருக்கிறான், இப்போதைக்குக் குறைபாடு என்று சொல்ல வேண்டியதில்லை, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் அவர். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எழுத முடியாத பிள்ளைக்கும் எழுதப் பிடிக்காத பிள்ளைக்கும் வெளியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, இரண்டு பேருமே தண்ணீர் குடிக்கத்தான் போவார்கள்.

அப்புறம் அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மெதுவாக, எழுத்தெழுத்தாக வாசித்தான். ர, ற குழப்பம். ல, ள, ழ மூன்றும் அவனுக்கு ஒன்று. ஆனால் நான் வாசித்துக் காட்டிவிட்டு கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், நான் கவனிக்காத விஷயத்தைக்கூடச் சேர்த்துச் சொன்னான். பேச்சில் சரளம், எழுத்தில் வறட்சி. இந்த இடைவெளி இருக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்களிடம் சொல்வதற்கு விஷயம் நிறைய இருக்கும், அதை எழுதி யாரிடம் கொடுப்பது என்பது மட்டும் இருக்காது.

நோட்டு ஏன் எடுபடவில்லை

நன்றி எழுதும் பழக்கத்துக்கு ஆராய்ச்சிப் பின்புலம் இல்லாமல் இல்லை. 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை வாரம் ஒருமுறை தங்களுக்குக் கிடைத்த நல்லவற்றையும், இன்னொரு குழுவைத் தொந்தரவுகளையும், மூன்றாவது குழுவைப் பொதுவான நிகழ்வுகளையும் எழுதச் சொன்னார்கள். நல்லதை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாகச் சொன்னார்கள். 2008இல் ஜெஃப்ரி ஃப்ரோவும் அவருடைய குழுவினரும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 221 பேரிடம் இதே மாதிரி இரண்டு வாரம் செய்து பார்த்தார்கள். நன்றி எழுதிய பிள்ளைகளுக்குப் பள்ளி மீதான பிடிப்பு கூடியிருந்தது. பள்ளிகளில் நன்றி நோட்டு பரவியதற்கு இந்த மாதிரி ஆய்வுகள்தான் அடிப்படை.

ஆனால் அந்த ஆய்வுகளை எடுத்துக்கொண்டவர்கள் அதன் பக்கத்திலேயே இருக்கிற மற்ற முடிவுகளை விட்டுவிட்டார்கள். சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினர் வாரம் ஒருமுறை நன்றி எழுதுகிறவர்களையும் வாரம் மூன்று முறை எழுதுகிறவர்களையும் ஆறு வாரம் ஒப்பிட்டபோது, பலன் தெரிந்தது ஒருமுறை எழுதியவர்களிடம்தான். 2016இல் சிறுவர், இளையோரிடம் நடந்த நன்றிப் பயிற்சி ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, மொத்தத்தில் பெரிய பலன் இல்லை என்றே முடித்தது. பெரியவர்களிடம் கிடைத்த பலனும் சிறியதுதான். அப்படியென்றால் தினமும், ஐந்து, கையெழுத்தோடு என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று யூகிக்க முடியும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். அந்த நோட்டை யாரும் வாசிப்பதில்லை. அம்மா கையெழுத்துப் போடுகிறார், ஆசிரியை டிக் அடிக்கிறார், "காற்றுக்கு நன்றி" என்றால் காற்றிடமிருந்து பதில் வரப்போவதில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதே இல்லாத எழுத்து அது. பெரியவர்களே அப்படி எழுத மாட்டோம்.

கேள்வியை மாற்றியது

என்னிடம் வந்த முதல் சில நாட்கள் எழுதவே சொல்லவில்லை, பேச்சு மட்டும்தான். "யாருக்கு நன்றி சொல்லணும்?" என்று கேட்டால் நோட்டில் இருக்கிற அந்த ஐந்தும்தான் வரும் என்பதால், "இந்த வாரம் யாராவது உனக்காகக் கொஞ்சம் சிரமப்பட்டாங்களா?" என்று கேட்டேன்.

யோசித்துவிட்டு, "வேன் அங்கிள்" என்றான்.

"என்ன செஞ்சார்?"

"தெருமுனைல நிறுத்தல. மழை பெஞ்சுச்சுல்ல, வீடு வரைக்கும் வந்தாரு. ரிவர்ஸ்லயே வந்தாரு மிஸ், தெரு முழுக்க!"

"எப்பவும் வருவாரா?"

"இல்ல. தெருவுல திருப்ப முடியாது. என் கையில சார்ட் இருந்துச்சு, அதான்."

அடுத்து, அவர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். சார்ட் நனைந்திருக்கும், ஸ்கெட்ச் பேனா மை கரைந்திருக்கும், ராத்திரி உட்கார்ந்து மறுபடி வரைந்திருக்க வேண்டும். அவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டேன். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்தாராம், கண்ணாடியை இறக்கித் திட்டினாராம், வேன் அங்கிள் கையை மட்டும் காட்டினாராம்.

இந்த மூன்று கேள்விகள் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஃப்ரோ குழுவினர் 2014இல் எட்டிலிருந்து பதினொரு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறையில் இதையே பாடமாக நடத்தினார்கள்: உதவியவர் வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கு அதனால் என்ன சிரமம், உனக்கு என்ன பயன். தினம் ஒரு பாடமாக இதைக் கற்ற பிள்ளைகள், பிறகு பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு எழுத வாய்ப்புக் கொடுத்தபோது, கற்காத பிள்ளைகளைவிட 80 சதவீதம் அதிகமாக நன்றிக் கடிதங்கள் எழுதினார்கள். நன்றி சொல் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நடந்ததைக் கூர்ந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

"இப்ப என்கிட்ட சொன்னது அவருக்குத் தெரியுமா?" என்றேன். தெரியாது என்றான். "எழுதிக் கொடுக்கலாமா?" என்றதும் தண்ணீர் தாகம் வரவில்லை.

முதல் கடிதம்

அவன் குறித்துக் கொடுத்த வரிகளை அவன் எழுத்திலேயே தருகிறேன்:

"வேன் அங்கில், அன்னிக்கு மலை பெஞ்சப்ப நீங்க ரிவஸ்ல எங்க வீடு வரக்கும் வந்தீங்க. பின்னாடி கார்காரர் ஆரன் அடிச்சார் உங்கல திட்டினார். என் சாட் நனயல. எனக்கு ஸ்டார் குடுத்தாங்க."

நான்கு வாக்கியம். அவன் தானாக, யாரும் சொல்லாமல், ஒரே மூச்சில் எழுதிய நீளமான எழுத்து அதுவரை இதுதான். அம்மா வாங்கிப் பார்த்தார். முதலில் எழுத்துப்பிழைகள் கண்ணில் பட்டன, அப்புறம் "நன்றின்னு ஒரு வார்த்தைகூட இல்லையே மிஸ்" என்றார். ஒன்றும் சேர்க்க வேண்டாம், ஒன்றும் திருத்த வேண்டாம், அப்படியே போகட்டும் என்றேன். வேன் அங்கிள் படுகிற பாட்டைக் கவனித்தேன், எனக்கு அதனால் நல்லது நடந்தது என்று அந்த நான்கு வாக்கியங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டன.

அம்மாவுக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. தினம் பார்க்கிற டிரைவரிடம் போய்க் கடிதத்தை நீட்டினால் அவர் என்ன நினைப்பார், சங்கடமாக இருக்காதா? இந்தத் தயக்கம் எல்லோருக்கும் வருவதுதான். அமித் குமார், நிக்கோலஸ் எப்லே இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம் அதைப் பெறுகிறவர் எப்படி உணர்வார் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு, பிறகு பெற்றவர்களிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் ஆச்சரியப்பட்டார்கள், அதிகம் மகிழ்ந்தார்கள், சங்கடம்தான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். சரி, பார்ப்போம் என்றார்.

மறுநாள் சாயங்காலம் வேனில் நடந்ததைப் பையன் எனக்கு இரண்டு தடவை சொன்னான். டிரைவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடி வீட்டில் இருக்கிறது, நீயே படித்துச் சொல் தம்பி என்றிருக்கிறார். ஆக, அவன் தன் எழுத்தைத் தானே, மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கேட்க, சத்தமாக வாசிக்க வேண்டியதாயிற்று. "மலை பெஞ்சப்ப" என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டான். எழுதியது ஒன்று, சொல்ல வந்தது ஒன்று என்று அவன் கண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது. வாயால் மழை என்று சமாளித்துப் படித்து முடித்திருக்கிறான்.

கேட்டு முடித்ததும் டிரைவர் அவனுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். பின்கண்ணாடி முழுவதும் மழைத்தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டித்தான் வண்டியைப் பின்னால் எடுத்தாராம். சட்டை முழுக்க நனைந்துவிட்டதாம்.

என்னிடம் வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "மிஸ், அவரும் நனைஞ்சிருக்காரு. எனக்குத் தெரியவே தெரியாது."

அன்றைக்கு ரப்பர் கேட்டான். மலையை அழித்து மழை ஆக்கினான். கீழே "உங்க சட்டை நனஞ்சத நான் பாக்கல" என்று ஒரு வரி சேர்த்தான். எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்துவது, விட்டுப்போனதைச் சேர்ப்பது என்று நாங்கள் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போகிற வேலையை, வாசிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்றதும் அவனே செய்தான். அதோடு, தன் பொம்மை வேனை அவருக்குக் கொடுக்கட்டுமா என்றும் கேட்டான். 1938இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபிரான்சிஸ்கா பாம்கார்ட்டன் டிராமர் என்ற உளவியலாளர் ஏழிலிருந்து பதினைந்து வயது வரை உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், உன் பெரிய ஆசை என்ன, அதை நிறைவேற்றுகிறவருக்கு நீ என்ன செய்வாய் என்று கேட்டார். தனக்குப் பிடித்த பொருளையே கொடுத்துவிடுவேன் என்ற பதில் சின்னப் பிள்ளைகளிடம் நிறைய வந்தது, வளர வளர எதிராளிக்கு எது தேவை என்று யோசிக்கிற பதில் வருகிறது. பொம்மை வேனைப் பார்த்து அம்மா சிரித்தார். சிரிக்காமல் கொடுக்க விடுங்கள் என்றேன். கொடுத்தான், டிரைவரும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு: நல்லதும் கெட்டதும்

எல்லாம் இப்படியே போகவில்லை. அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு கடிதத்துக்கு அரை மணி நேரம் போன் என்று அறிவித்துவிட்டார். அந்த வாரம் கடிதங்கள் வரிசையாக வந்தன, எல்லாம் ஒரே வரி, எல்லாம் பழைய நோட்டு மாதிரி. 1973இல் மார்க் லெப்பரும் அவரது சகாக்களும் படம் வரைவதில் ஆர்வமாக இருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னதும் யோசித்தார், போன் பேரத்தை விட்டுவிட்டார். அவர் கேட்ட அடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி: "போன்ல பேசினா அதுவே டைப் பண்ணிடுதே, பிறகு எதுக்கு இவ்ளோ கஷ்டப்படணும்?"

சொல்வதற்கு நிறைய இருந்து கை ஒத்துழைக்காத பிள்ளைக்கு அது நல்ல வழிதான், ஐந்து வயதுப் பிள்ளை சொல்லச் சொல்லப் பெரியவர் எழுதுவதும் நல்ல வழிதான். ஆனால் எழுத்துகள் இன்னும் கலங்கிக்கிடக்கிற பிள்ளைக்குக் கையால் எழுதுவதில் தனி லாபம் இருக்கிறது. கேரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கக் கற்காத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்தைக் கையால் எழுதிப் பழகிய பிறகு அதைப் பார்த்தபோது, மூளையில் வாசிப்புக்குப் பயன்படுகிற பகுதிகள் இயங்கின. தட்டச்சு செய்த பிறகோ, புள்ளிக்கோட்டின் மேல் வரைந்த பிறகோ அப்படி இயங்கவில்லை. ழ-வை வளைத்து எழுதுகிற கை, அடுத்த முறை ழ-வை அடையாளம் காண்கிற கண்ணுக்கும் உதவுகிறது.

இரண்டாவது கடிதம் அத்தைக்குப் போனது, கலர் பென்சில் பெட்டி அனுப்பியதற்கு. அத்தையிடம் முன்கூட்டியே பேசி, போனில் பதில் சொல்ல வேண்டாம், எழுதி அனுப்புங்கள், கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இந்த முழு முயற்சியில் அதிகம் பலன் கொடுத்த சின்ன ஏற்பாடு இதுதான் என்பது என் கணிப்பு. அத்தையின் பதில் ஒன்றரைப் பக்கம், சேர்த்துச் சேர்த்து எழுதுகிற கையெழுத்து, அச்சுப் புத்தகத்தைவிடப் படிக்கச் சிரமம். ஆனாலும் பையன் அதை விடவில்லை. தனக்கென்று வந்த கடிதம், அதில் தன் அப்பா சின்ன வயதில் செய்த குறும்பு ஒன்று இருக்கிறது, பாதியில் நிறுத்த மனசு வருமா? புரியாத சொல்லுக்கு என்னிடம் வந்தான், அம்மாவிடம் போனான், கடைசியில் அப்பாவிடமே போய் நின்று அந்தக் குறும்பு உண்மையா என்று கேட்டான். கடிதத்தின் கடைசியில் அத்தை கேட்டிருந்த கேள்வி, எந்தக் கலர் முதலில் தீரும் என்பது. அதற்குப் பதில் எழுதினான். அங்கிருந்து போக்குவரத்து தொடங்கிவிட்டது, இப்போது அதில் என் வேலை எதுவும் இல்லை.

மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. விளையாட்டு ஆசிரியர் ஒருவருக்கு எழுதினான், அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார், அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லை. பையன் வாடிப்போனான். அவர் படித்திருப்பாரா, பிடிக்கவில்லையா, பிழை நிறைய இருந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். படித்திருக்கலாம், பதில் எழுதப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம், உனக்கு அவர் பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது உண்மை, அதை நீ சொன்னதும் உண்மை என்றேன். அவன் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. பெரியவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ஒரு பிள்ளை உங்களுக்கு எழுதிக் கொடுத்தால் ஒரு வரியாவது திருப்பி எழுதுங்கள், முடியாவிட்டால் அதிலிருந்து ஒரு வரியைச் சொல்லி, படித்தேன் என்று தெரியப்படுத்துங்கள். ரொம்ப நல்லா இருக்கு என்பது போதாது, படிக்காமலேயே அதைச் சொல்லிவிட முடியும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

பள்ளி நோட்டு விஷயத்தை அம்மா நேரில் போய்ப் பேசினார். சண்டை போடவில்லை. அவன் எழுதிய கடிதங்களை வகுப்பாசிரியையிடம் காட்டி, தினமும் ஐந்துக்குப் பதில் வாரம் ஒரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டார். ஆசிரியை இவனுக்கு ஒப்புக்கொண்டார், சில வாரம் கழித்து விருப்பப்பட்ட மற்றப் பிள்ளைகளுக்கும் அதை அனுமதித்தார்.

வாசிப்பு எங்கே வந்தது

கடிதம் எழுதத் தொடங்கியதும் பையன் புத்தகப் புழு ஆகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆகவில்லை. அத்தை கடிதத்தைப் படித்தான், தன் பழைய கடிதங்களைப் படித்தான், வேன் எப்படி ஓடுகிறது என்று விளக்குகிற படப் புத்தகம் ஒன்றை டிரைவரிடம் கேள்வி கேட்பதற்காகவே படித்தான். கிளட்ச் என்றால் என்ன என்று அந்தப் புத்தகத்தில் படித்ததும் வேனில் அவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு மாலை முழுக்க என்னோடு வாதாடினான். அதைத்தான் நான் வாசிப்பு என்பேன். கதைப் புத்தகம் மட்டுமே வாசிப்பு என்று நினைத்துக்கொண்டு, பிள்ளை கையில் இருக்கிற கிரிக்கெட் அட்டவணையையும் பொம்மைப் பெட்டியின் செய்முறையையும் கணக்கில் சேர்க்காத பெற்றோர் நிறையப் பேர்.

எழுதுவது வாசிப்பையும் வலுவாக்கும் என்பதை ஸ்டீவ் கிரஹாம், மைக்கேல் ஹெபர்ட் இருவரும் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். படித்ததைப் பற்றி எழுதுகிற பிள்ளைகளுக்குப் புரிதல் கூடுகிறது. இவனிடமும் அப்படித்தான் தெரிந்தது. இந்தக் கட்டத்தில் நூல் வாசிப்பைத் தினமும் நான் தொடங்கினேன்: ஒரு பக்கம் நான், ஒரு பத்தி அவன். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. பையன் பார்க்கிற மாதிரி நீங்கள் இருவரும் ஏதாவது எழுதுங்கள், வாரத்துக்கு ஒருமுறை யாருக்காவது. அம்மா தன் பழைய தோழிக்கு எழுதினார். அப்பா நெடுநாள் தள்ளிப்போட்டு, ஒருநாள் மகனுக்கே எழுதினார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இதிலிருந்து எவ்வளவு சொல்லலாம்

ஒரே ஒரு பையன். இதே காலத்தில் அவனுக்கு வயதும் கூடியது, என்னிடம் தனிக் கவனிப்பும் கிடைத்தது, வீட்டில் பெரியவர்களும் மாறினார்கள். இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இன்றைக்கும் ல, ள தடுமாற்றம் இருக்கிறது. தேர்வில் கட்டுரை எழுதச் சொன்னால் இன்னும் முகம் சுருங்குகிறது. நிபுணர் மறுபடி பார்த்துவிட்டு முன்னேற்றம் இருக்கிறது, பயிற்சி தொடரட்டும் என்றார். மாறியதை நேரில் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எழுத உட்காரும்போது இருந்த பயம் பெரும்பகுதி போய்விட்டது, யாருக்கு, எதற்கு என்று தெரிந்தால் அவன் எழுதுகிறான்.

நன்றி சொல்ல எழுதுவது ஏன் இதற்கு இவ்வளவு பொருந்துகிறது என்றால், விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை, நடந்ததைத்தான் எழுதப் போகிறோம். நீளமாக எழுத வேண்டியதில்லை. படிக்க ஒருவர் நிச்சயம் இருக்கிறார், அவர் குறை சொல்லப் போவதில்லை. உலகின் பெரிய எழுத்தாளர்களுக்கும் இந்த வடிவம் போதுமானதாக இருந்திருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர்ட் காம்யு 1957இல் தனக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகு, நவம்பர் 19ஆம் தேதி, அல்ஜியர்ஸில் தனக்குத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்திய லூயி ஜெர்மைனுக்கு ஒரு சிறிய கடிதம் எழுதினார். அப்பா போரில் இறந்து, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் வளர்ந்த ஏழைப் பையனுக்கு உதவித்தொகைத் தேர்வுக்காகத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, அவனை வேலைக்கு அனுப்ப நினைத்த பாட்டியிடமும் பேசி மேல்படிப்புக்கு வழி செய்தவர் அந்த ஆசிரியர். செய்தி வந்ததும் அம்மாவுக்கு அடுத்தபடி உங்கள் நினைவுதான் வந்தது என்று அதில் இருக்கிறது. பட்டியல் எதுவும் இல்லை. ஒரு ஆள், அவர் செய்த காரியம், அதனால் தனக்கு ஆனது. வேன் டிரைவருக்குப் போன நான்கு வாக்கியத்திலும் இருப்பது அதுதான்.

இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பதின்ம வயதுப் பிள்ளைகள் எழுதினால் அதை நாம் வாங்கிப் படிக்கக் கூடாது, உறை ஒட்டியதா என்று மட்டும் கேட்கலாம். எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டால் அதையும் விட்டுவிடுங்கள், எழுதிய வேலை வீண் இல்லை.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. யாருக்கு எழுதுவது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். சொந்தக்காரர், டியூஷன் ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று நாம் ஒரு பெயரைச் சொல்லி, அவங்க உனக்கு எவ்ளோ செஞ்சிருக்காங்க, அவங்களுக்கு எழுது என்றதும் பிள்ளை முகம் இறுகினால், பேச்சை மாற்றினால், அழுதால், அந்தப் பெயரை அங்கேயே விட்டுவிடுங்கள். மரியாதை தெரியவில்லை என்று திட்ட வேண்டாம். தனக்குக் கெடுதல் செய்கிற ஒருவருக்கு நன்றி சொல்லச் சொல்லி ஒரு பிள்ளையை உட்காரவைத்தால், தனக்கு நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்றுதான் அது புரிந்துகொள்ளும். அன்றைக்குக் கடிதம் வேண்டாம், நோட்டை மூடிவிட்டு, வேறு யாரும் இல்லாத நேரத்தில், அவரிடம் போகப் பிடிக்கவில்லையா என்று மெதுவாகக் கேளுங்கள், பதில் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.